கட்டு பிரித்த பிறகும் கை எரியுதா? நகத்தையும் கொஞ்சம் பாருங்க! - நீடித்த நரம்பு வலி கைடு

எங்கள் அலுவலகத்தில் லே-அவுட் செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். மழை நாளில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நாங்களும் நினைத்தோம், அவரும் நினைத்தார்.

"கட்டு பிரிச்ச ரெண்டாவது வாரம், ஃபேன் காத்து கையில பட்டாலே கண்ணுல தண்ணி வந்துரும்பா. எலும்பு சேர்ந்துடுச்சுன்னு எக்ஸ்ரேவுல தெரியுது. ஆனா கையை யாரோ அடுப்புல வெச்ச மாதிரி எரியுது. வீட்ல சொன்னா, 'வேலைக்குப் போக சோம்பேறித்தனமா'ன்னு கேட்டாங்க."

கை வீங்கியது. சில நாள் சிவந்து கொதித்தது, சில நாள் நீலம் பாரித்துச் சில்லென்று ஆனது. அவர் முதலில் கண்டுகொள்ளாமல் விட்ட இன்னொரு விஷயமும் இருந்தது. வலது கை நகம் மட்டும் கிடுகிடுவென்று வளர்ந்தது. இடது கையில் ஒருமுறை நகம் வெட்டுவதற்குள் வலது கையில் இரண்டு முறை வெட்ட வேண்டியிருந்தது. சில மாதம் கழித்து அதே நகங்கள் மங்கி, கோடு கோடாகி, நுனியில் பிசிறு பிசிறாக உடைய ஆரம்பித்தன. பக்கத்து கிளினிக்கில் காட்டியபோது "பூஞ்சை" என்று சொல்லி, ஒரு டெஸ்ட்கூட எடுக்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் விழுங்கியும் நகம் மாறவில்லை. கடைசியில் வித்தியாசத்தைப் பிடித்தது ஒரு பிசியோதெரபிஸ்ட். இரண்டு கைகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பார்த்தாராம். அவ்வளவுதான்!

அக்காவுக்கு இருப்பது சி.ஆர்.பி.எஸ். முழுப்பெயர் 'காம்ப்ளக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்'. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாத" என்றார்.

இது என்ன வியாதி?

எலும்பு முறிவு, சுளுக்கு, ஆபரேஷன், சில நேரம் சின்ன அடி. காயம் ஆறிய பிறகும் அந்தக் கையிலோ காலிலோ வலி அடங்காமல், காயத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரிதாகிக்கொண்டே போவதுதான் சி.ஆர்.பி.எஸ். அடிபட்ட இடத்தோடு நிற்காது. மணிக்கட்டில் அடி என்றால் விரல் நுனி வரை பரவும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்திலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். குண்டடிபட்டு நரம்பு சேதமான சிப்பாய்களுக்கு ஃபிலடெல்ஃபியாவில் சிகிச்சை கொடுத்த சைலஸ் வெயர் மிட்செல், 1864-ல் இரண்டு சக மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். எரிச்சல் தாங்காமல் ஈரத்துணியை எந்நேரமும் கையில் சுற்றியே வைத்திருந்த சிப்பாய்களைப் பற்றி அவர் பதிவு செய்திருக்கிறார். நரம்புக் காயத்துக்குப் பிறகு தோல் மினுமினுப்பாவதையும் நகம் வளைந்துபோவதையும்கூட குறித்துவைத்தார். ஆக, நகத்துக்கும் நரம்பு வலிக்கும் தொடர்பு இருப்பது கிட்டத்தட்ட 160 வருஷமாகத் தெரிந்த சங்கதி. 'சி.ஆர்.பி.எஸ்' என்ற பெயர் 1994-ல்தான் வந்தது. அதற்கு முன்பு வேறு வேறு பெயர்கள். பழைய ரிப்போர்ட்டுகளில் 'ஆர்.எஸ்.டி' என்றோ 'சூடெக்' என்றோ எழுதியிருந்தால் இதுதான்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. நெதர்லாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் மூன்று மடங்குக்கும் மேல் என்று தெரியவந்தது. காலைவிடக் கையில் அதிகம். ஆரம்பிக்கும் காரணங்களில் முதலிடம் எலும்பு முறிவுக்கு, அதிலும் குறிப்பாக மணிக்கட்டு. டூவீலரில் விழும்போது எல்லோரும் கையைத்தானே முதலில் ஊன்றுகிறோம்!

இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேனில் 'இதோ இருக்கு' என்று காட்டவும் முடியாது. 2003-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் நிபுணர்கள் கூடி உருவாக்கிய விதிமுறையைத்தான் இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். நான்கு கட்டங்கள். முதலாவது, தொட்டாலே வலிப்பது போன்ற உணர்வு மாற்றம். இரண்டாவது, இரு கைகளுக்கும் இடையே சூட்டிலும் நிறத்திலும் வித்தியாசம். மூன்றாவது, வீக்கம் அல்லது வியர்வை மாற்றம். நான்காவது கட்டத்தில் அசைவுக் குறைபாடு, நடுக்கம், முடி, தோல், அப்புறம் நம்ம நகம். நான்கில் மூன்று கட்டங்களிலாவது தொந்தரவு இருப்பதாக நோயாளி சொல்ல வேண்டும். இரண்டிலாவது டாக்டர் கண்ணாலேயே பார்க்க வேண்டும். வேறு எந்த நோயும் இதை விளக்கக் கூடாது.

வலியை எந்த டாக்டராலும் கண்ணால் பார்க்க முடியாது. நகத்தைப் பார்க்க முடியும். "நடிக்கிறியா" என்று கேட்கிற வீட்டில், அலுவலகத்தில், சில நேரம் ஆஸ்பத்திரியிலும்கூட, வெளியே நீட்டிக் காட்டக்கூடிய சில அடையாளங்களில் நகமும் ஒன்று. அதேநேரம் எல்லோருக்கும் நகம் மாறாது. நகம் நன்றாக இருக்கிறது என்பதற்காக வலி பொய் என்று ஆகிவிடாது.

நகத்துக்குள்ளே என்ன நடக்கிறது?

நாம் பார்க்கும் நகம் உயிரற்ற பொருள். அதைத் தயாரிக்கிற ஃபேக்டரி, நகத்தின் அடிப்பக்கம் தோலுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. 'மேட்ரிக்ஸ்' என்பார்கள். கட்டைவிரல் நகத்தின் அடியில் வெள்ளையாகப் பிறை மாதிரி தெரிகிறதே, அது இந்த ஃபேக்டரியின் முன்வாசல். அங்கே போகும் ரத்தத்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மெல்லிய நரம்புகளின் வேலை. சி.ஆர்.பி.எஸ்-ல் இந்த நரம்புகள் தாறுமாறாகச் செயல்படும். ஆரம்பத்தில் கை சூடாக, சிவப்பாக இருக்கும் கட்டத்தில் நகமும் முடியும் வேகமாக வளரலாம். பிறகு கை குளிர்ந்து, அசைவும் குறைந்துபோனால் வளர்ச்சி மந்தமாகும். நகம் தடிக்கலாம், மெலியலாம், வளையலாம், சுலபமாக உடையலாம்.

குறுக்குவாட்டில் பள்ளம் மாதிரி கோடு விழுந்தால் அதற்கு 'போ கோடு' என்று பெயர். ஃபேக்டரி சில நாள் ஸ்டிரைக் செய்ததற்கான தடயம் அது. சி.ஆர்.பி.எஸ்-க்கு மட்டுமே உரியது அல்ல. கடுமையான காய்ச்சல், கீமோதெரபி, கையை வாரக்கணக்கில் கட்டிப்போட்டிருப்பது என எதனாலும் வரலாம். ஒரு குட்டிக் கணக்கு உண்டு. விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். நகத்தின் அடியிலிருந்து கோடு 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், சம்பவம் நடந்து ஏறக்குறைய இரண்டு மாதம். அக்காவுக்கு இதைச் சொன்னபோது ஸ்கேலை எடுத்து அளந்துபார்த்துவிட்டு, "கட்டு போட்ட மாசம் கரெக்ட்டா வருது" என்றார். நகம் வேகமாகவோ மெதுவாகவோ வளரும் கையில் கணக்கு முன்னே பின்னே போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு விரல் நகம் முழுதாகப் புதுசாக மாற ஆறு மாதம் பிடிக்கும். கால் நகம் அதைவிட மெதுவு, கட்டைவிரலுக்கு ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை. ஆகவே இன்றைக்கு நரம்பு சரியானாலும் நகம் அதைச் சொல்ல அரை வருஷம் ஆகும். "ஒரு மாசமா மாத்திரை சாப்பிடுறேன், நகம் அப்படியேதான் இருக்கு" என்று சிகிச்சையை நிறுத்துவது தப்பு. முன்னேற்றத்தைப் பார்க்க நகம் சரியான மீட்டர் இல்லை. கை எவ்வளவு மடங்குகிறது, டம்ளரைப் பிடிக்க முடிகிறதா, இரவு எத்தனை மணிநேரம் தூக்கம் வருகிறது என்று பாருங்கள்.

பூஞ்சையா, நரம்பா?

நகம் மங்கி உடைந்தாலே பூஞ்சைதான் என்று முடிவு கட்டுவது நம் ஊரில் சகஜம். பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல். சில துப்புகள் உண்டு. பூஞ்சை பெரும்பாலும் கால் நகத்தில் வரும். ஒன்றிரண்டு நகத்தில் ஆரம்பித்து, நகத்துக்கு அடியில் மாவு மாதிரி சேரும். நரம்பு விஷயத்தில், வலி இருக்கும் கையில் மட்டும் பல நகங்கள் சேர்ந்து மாறும், மறு கை பளிச்சென்று இருக்கும். சோரியாசிஸ் என்றால் நகத்தில் ஊசியால் குத்திய மாதிரி குட்டிக்குட்டிக் குழிகள் தெரியும், பெரும்பாலும் ஒரு கையோடு நிற்காது. இரும்புச்சத்து குறைவு என்றால் நகம் ஸ்பூன் மாதிரி குழியும்.

துப்பு என்பது துப்பு மட்டும்தான். நகத்தைச் சுரண்டி எடுத்து லேபில் பார்க்கும் கே.ஓ.ஹெச் டெஸ்ட் சாதாரணமானது, ஆபரேஷன் எல்லாம் இல்லை. பூஞ்சை மாத்திரை என்பது சும்மா போட்டுப் பார்க்கிற விஷயமும் இல்லை. அதிகம் எழுதப்படும் டெர்பினாஃபினை விரல் நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். கல்லீரல் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே "டெஸ்ட் எடுத்துட்டு மாத்திரை ஆரம்பிக்கலாமா டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள். சி.ஆர்.பி.எஸ் இருக்கும் கையில் பூஞ்சையும் சேர்ந்து வரலாம் என்பதால், இல்லை என்று நாமாக முடிவு செய்வதும் சரியில்லை.

இரண்டு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கை காலில் நிறம் மங்கிய, தொட்டால் உணர்ச்சியே இல்லாத தேமல் இருந்தால் தொழுநோய்க்கான பரிசோதனை அவசியம். அதுவும் நரம்பைத் தாக்கும் நோய்தான். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம், முழுதாகக் குணமாகும். அடுத்தது சர்க்கரை நோய். அதில் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் சேர்ந்து ஆரம்பிக்கும். எரிச்சலும் இருக்கும், மரத்தும் போகும். நகம் வெட்டும்போது சதை கிழிந்தாலும் தெரியாது. அந்தச் சின்ன காயம்தான் பிறகு ஆறாத புண்ணாகிறது. வீட்டில் சர்க்கரை உள்ள அப்பா, அம்மா இருந்தால் அவர்கள் கால் நகத்தை ஒருமுறை நீங்கள் பாருங்கள்.

நகம் வெட்டுவதே ஒரு போராட்டம்

"ஆறு வாரம் வலது கையில நகமே வெட்டல. நகவெட்டி 'டக்'குனு சத்தம் போட்டாலே தோள்பட்டை வரைக்கும் சுரீர்னு இழுக்கும். பஸ்ல ஒருத்தங்க பார்த்து முகம் சுளிச்சாங்க. மருதாணி வெச்சு அழகு பார்த்த கை..." என்று அக்கா சொன்னபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

நகவெட்டி நகத்தைக் கிள்ளும்போது அந்த அதிர்வு நகத்துக்கு அடியிலுள்ள நரம்புகளுக்குப் போகிறது. அதனால் வெட்டுவதைவிட அராவுவது பலருக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. நைசான ஃபைலால், ஒரே திசையில், இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. வெட்டியே ஆக வேண்டும் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடம் ஊறவைத்து, நகம் மெத்தென்று ஆனதும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டலாம். தண்ணீரின் சூட்டை நல்ல கையால் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்கும் கை சூட்டைத் தப்பாகச் சொல்லும். ஒரே நாளில் பத்து விரலையும் முடிக்க வேண்டும் என்று சட்டமா என்ன? இன்றைக்குக் கட்டைவிரல், நாளைக்கு ஆள்காட்டி விரல். போதும்.

முடிந்தவரை நீங்களே செய்யுங்கள். அடுத்தவர் செய்தால், எந்த விரலைத் தொடப்போகிறார் என்று சொல்லிவிட்டுத் தொடட்டும். எதிர்பாராத தொடுதல்தான் அதிகம் வலிக்கிறது. கால் நகம் என்றால் ஓரங்களை வளைத்து வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் நகம் சதைக்குள் வளரும். நகச்சுத்தி வந்தால், அதாவது நகத்தின் ஓரம் வீங்கிச் சீழ் கோத்தால், 'இதுவும் அந்த வலிதான்' என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே எரியும் கையில் புது இன்ஃபெக்‌ஷன் மறைந்துகொள்ளும்.

ராத்திரி தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ நகத்தின் அடியிலும் ஓரத்திலும் தடவினால் உடைவது குறையும். அந்தத் தடவலே ஒரு பயிற்சியும்கூட. ஜெல் நெயில், அக்ரிலிக் நெயில் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. ஒட்டுவதைவிட எடுக்கும்போதுதான் பாடு. அசிட்டோனில் ஊறவைத்துச் சுரண்டும்போது ஏற்கெனவே மெலிந்த நகம் இன்னும் மெலியும். தவிர, நகத்தின் நிறம் மாறுவதே மறைந்துபோகும். சாதாரண நெயில் பாலிஷ் போட ஆசையா? போடுங்கள். டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் எடுத்துவிடுங்கள். மருதாணி பிடிக்குமென்றால் இலையை அரைத்து வைக்கலாம். 'பிளாக் ஹென்னா' என்று விற்கும் கோன்களில் பி.பி.டி என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். அது தோலைப் புண்ணாக்கிவிடும்.

சிகிச்சை: எதை எடுப்பது, எதை விடுவது?

முதல் விஷயம், நகத்துக்கென்று தனி சிகிச்சை இல்லை. பயோட்டின் மாத்திரை, நகத்துக்கான சீரம் எல்லாம் இந்த நகத்தைச் சரிசெய்யும் என்று நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். கை பழையபடி இயங்க ஆரம்பித்தால் நகம் தானாகப் பின்னாலேயே வரும்.

அப்படியானால் கையை எப்படி இயக்குவது? இங்கேதான் வீட்டு அட்வைஸும் மருத்துவ அட்வைஸும் முட்டிக்கொள்கின்றன. "வலிக்குதுன்னா ஆட்டாம வெச்சுக்கோ" என்பார் பாட்டி. புது அடி என்றால் அது சரி. சி.ஆர்.பி.எஸ்-ல் அசைக்காமல் வைத்திருப்பது நோய்க்கு உரம் போடுவது மாதிரி. மூட்டு இறுகும், எலும்பு வலுவிழக்கும், மூளையும் அந்தக் கையை மறக்க ஆரம்பிக்கும். ஆகவே அடிப்படை சிகிச்சை பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும்தான். மாத்திரை, ஊசி எல்லாமே, பயிற்சி செய்யும் அளவுக்கு வலியைக் குறைப்பதற்காகத்தான். 'வலி இருந்தா இருக்கட்டும்' என்று பிடித்து முறுக்கும் பயிற்சியும் கூடாது. அழ அழக் கையைத் திருகுகிறவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று, தொடுதலைப் பழக்குவது. முதலில் பஞ்சு, அப்புறம் பட்டுத்துணி, பிறகு காட்டன், கடைசியில் டர்க்கி டவல். ஒவ்வொன்றாலும் சில நிமிடம், தினமும் சில முறை, மெதுவாகத் தடவ வேண்டும். நல்ல கையில் முதலில் தடவி, அதே உணர்வை வலிக்கும் கையில் கற்பனை செய்துகொண்டே தடவலாம். ஐஸ் ஒத்தடம் வேண்டாம். அந்த நிமிடம் சுகமாக இருந்தாலும் இந்த வலியைக் கிளறிவிடக் கூடும்.

அடுத்தது கண்ணாடி சிகிச்சை. இதில் நமக்கு ஒரு உறவு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு 'இல்லாத கை'யில் வரும் வலிக்காக 1990-களில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். வலிக்கும் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கையை அசைத்தபடி அதன் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். வலிக்கும் கையே சுலபமாக அசைவதாக மூளை எடுத்துக்கொள்ளும். 2003-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் இதைச் சி.ஆர்.பி.எஸ் உள்ள ஒரு சிறு குழுவிடம் சோதித்தபோது, நோய் வந்து அதிக காலம் ஆகாதவர்களுக்கு வலி குறைந்தது. பழசாகிப்போனவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. பிறகு இதோடு, இடது கையா வலது கையா என்று படம் பார்த்து அடையாளம் காணும் பயிற்சி, கற்பனையில் அசைக்கும் பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்துப் படிப்படியான முறையாக ஆக்கியிருக்கிறார்கள். சிலருக்குக் கண்ணாடியைப் பார்த்ததுமே வலி ஏறும். அதனால் யூடியூப் பார்த்து நேராகக் கண்ணாடிக்குப் போகாமல் தெரபிஸ்ட்டிடம் ஆரம்பியுங்கள்.

மாத்திரைகளுக்கு வருவோம். கேபாபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின். சீட்டில் இருக்கும் பெயரை கூகுள் செய்தால் 'வலிப்பு மருந்து', 'டிப்ரஷன் மருந்து' என்று வரும். அக்கா அப்படிப் பார்த்துவிட்டு, "என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்களா?" என்று இரண்டு நாள் மாத்திரையைத் தொடவில்லை. அப்படியில்லை. இந்த மருந்துகள் நரம்பின் ஓவர் சத்தத்தைக் குறைப்பதால் நரம்பு வலிக்கும் கொடுக்கிறார்கள். உடனே கேட்காது, பலன் தெரிய சில வாரம் ஆகும். தூக்கம், தலைசுற்றல், வாய் உலர்வது, எடை கூடுவது, பிரீகாபலினில் கால் வீக்கம் எல்லாம் வரலாம். ஆரம்பித்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொன்னால், இவை எல்லோருக்கும் வேலை செய்வதில்லை. சில மாதத்தில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் 'இது எனக்கு எதுக்கு?' என்று கேட்பது உங்கள் உரிமை.

நோய் புதிதாக, கை சூடாக வீங்கியிருக்கும் கட்டத்தில் ஸ்டீராய்டு மாத்திரையைக் குறுகிய காலத்துக்குக் கொடுப்பதுண்டு. எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளும் ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு வலியைக் குறைத்திருக்கின்றன. அதற்கு முன் சிறுநீரகம், கால்சியம் அளவு, பல் மூன்றையும் பார்க்க வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

வைட்டமின் சி பற்றியும் கேட்பீர்கள். மணிக்கட்டு முறிந்த நாளிலிருந்து தினமும் 500 மில்லிகிராம், 50 நாள் எடுத்துக்கொண்டவர்களுக்குச் சி.ஆர்.பி.எஸ் குறைவாக வந்ததாக நெதர்லாந்து ஆய்வுகள் சொல்லின. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே அதை ஒத்துக்கொள்ளவில்லை. விலை குறைவு, ஆபத்தும் குறைவு என்பதால் சில டாக்டர்கள் கொடுக்கிறார்கள். ஆனால் அது தடுப்பதற்காக. வந்த நோயை அது விரட்டாது.

அடுத்த கட்டம் ஊசி. கைக்கு என்றால் கழுத்தின் முன்பக்கம் 'ஸ்டெல்லேட் கேங்க்ளியன்' என்ற நரம்பு முடிச்சில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். போட்டதும் அந்தப் பக்கக் கண்ணிமை தொங்கும், குரலும் கம்மலாம். பயந்துவிடாதீர்கள், சில மணி நேரத்தில் சரியாகிவிடும். இமை தொங்குவதே மருந்து சரியான இடத்துக்குப் போனதன் அடையாளம்தான். சிலருக்கு நல்ல நிவாரணம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. நிவாரணம் கிடைக்கும் அந்த நேரத்தில் பிசியோதெரபி செய்வதுதான் புத்திசாலித்தனம். ஊசி போட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டால் பணம் வீண்.

எதுவும் கேட்காதவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் முதுகுத்தண்டில் பொருத்தும் ஸ்டிமுலேட்டர். பேஸ்மேக்கர் மாதிரி ஒரு கருவி, செலவு லட்சங்களில். நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் சில நாள் தற்காலிகமாக வைத்துச் சோதிப்பார்கள். அந்தச் சோதனை இல்லாமல் சம்மதிக்காதீர்கள். 2000-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் வலி நன்றாகக் குறைந்தது. அதே நோயாளிகளை ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது, கருவி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் பெரிதும் தேய்ந்துபோயிருந்தது. விற்பனைப் பிரசுரத்தில் முதல் பாதி மட்டும் இருக்கும். கேட்க வேண்டியது நாம்தான். வலி தாங்காமல் கையையே எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எடுத்த பிறகும் வலி தொடரலாம், மிச்சமுள்ள பகுதிக்கு நோய் திரும்பவும் வரலாம். அதனால் டாக்டர்கள் பொதுவாக அதற்குச் சம்மதிப்பதில்லை.

எப்போது, யாரிடம்?

எலும்பு முறிந்த முதல் வாரத்தில் வலி 10-க்கு 5-க்கு மேலேயே நின்றால் அது எச்சரிக்கை மணி. கட்டு இறுக்கமாக இருக்கிறது, விரல் வீங்குகிறது, மரக்கிறது என்றால் 'ஆறு வாரம் முடியட்டும்' என்று பல்லைக் கடிக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள். மாவுக்கட்டுக்கு மட்டுமல்ல, நாட்டுக் கட்டுக்கும் இது பொருந்தும். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை டாக்டர் சொன்னபடி முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டுங்கள்.

எலும்பு டாக்டரிடம் ஆரம்பித்து, வலி சிகிச்சை நிபுணர், உடலியக்க மறுவாழ்வு மருத்துவர் என்று போக வேண்டியிருக்கும். பெரிய அரசு மருத்துவமனைகளில் மயக்கவியல் துறையினர் வலி சிகிச்சையும் பார்ப்பதுண்டு, கேட்டுப் பாருங்கள். சென்னையில் கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மனநல ஆலோசகரிடம் அனுப்பினால் கோபப்படாதீர்கள். மாதக்கணக்கில் தூங்காதவருக்கு அந்த உதவி தேவைதான். வலி மனசில்தான் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

போகும்போது போன் கேலரியைத் தயாராக வைத்திருங்கள். இரண்டு கைகளையும் வெள்ளைத் துணிமேல் பக்கத்தில் வைத்து, அதே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், மாதம் ஒரு படம். கை சிவக்கும்போதும் நீலமாகும்போதும் உடனே ஒரு படம். டாக்டர் பார்க்கும் பத்து நிமிடத்தில் கை சாதுவாக நடித்துவிடும், அதற்காகத்தான். படத்தோடு, அன்றைக்கு என்னென்ன வேலை செய்ய முடிந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

பலருக்கு முதல் வருடத்திலேயே நல்ல முன்னேற்றம் வருகிறது. சிலருக்கு வருடக்கணக்கில் மிச்சம் இருக்கிறது. அக்கா நடுவில் எங்கோ இருக்கிறார். மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். தோசை திருப்ப முடிகிறது, குடத்தைத் தூக்க முடியவில்லை. போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். வலது கை நகங்களில் அந்தக் கோடு நுனிக்கு வந்துவிட்டது, சுண்டு விரலில் மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது. கீழே ஒரே ஒரு வரி: "ஃபைல் தேஞ்சு போச்சு, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா."